வண்டிக்குள் திரும்பும் துப்பாக்கி

ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியின் பின்னறையில் காவலுக்கு உட்கார்ந்து வருபவர் சூசைநாதன். சொந்தத் துப்பாக்கி இருந்தால்தான் வேலை என்றார்கள். கடையில் இருந்ததிலேயே மலிவானதை வாங்கினார். குட்டையானது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதன் பக்கவாட்டில் இருக்கும் போல்ட் என்ற கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டும். "நீளமா வாங்கினா இந்த வண்டிக்குள்ள திரும்பாதுடா" என்று அவர் சொன்னபோது, பணம் நிரப்பும் தணிகைவேல் சிரித்தான். "பெருசு, இது துப்பாக்கியா, கைத்தடியா?"

அவன் அவரை வேறு விதமாகக் கூப்பிட்டதே இல்லை. ஒவ்வொரு ஏடிஎம்மிலும் வேலை முடிந்து வந்ததும் ஜன்னலில்லாத பின்கதவை ஓங்கித் தட்டி, "பெருசு, உசுரோட இருக்கியா?" என்பான். தாழ்ப்பாள் உள்ளே, அவர் பக்கம் இருந்தது.

இன்று கதவு மெதுவாகத் தட்டப்பட்டது.

"சூசைநாதன் சார், கதவத் தொறங்க."

தணிகைவேலின் குரல்தான். தாழ்ப்பாள்வரை போன கையை அவர் இழுத்துக்கொண்டார். அவன் குரலுக்குப் பின்னால் இன்னொருவருடைய செருப்பு தரையில் உரசியது.

துப்பாக்கியின் போல்ட்டை இழுத்துத் தள்ளினார். இரும்பு அறைக்குள் அந்தச் சத்தம் பெரிதாக ஒலித்தது, வெளியேயும் கேட்டிருக்கும். துப்பாக்கி எதிலும் இடிக்காமல் கதவின் பக்கம் சுலபமாகத் திரும்பியது. கதவு திறந்தால் அதன் முன்னால் முதலில் நிற்கப்போவது தணிகைவேலின் நெஞ்சு.

பிறகு அவன் கேட்டான்.

"சார்... உசுரோட இருக்கீங்களா?"

அந்தக் கேள்விக்கு அவர் ஒருநாளும் வாயால் பதில் சொன்னதில்லை. தாழ்ப்பாளைத் திறப்பதுதான் எப்போதும் அவருடைய பதில்.