வரைந்த உடல்

"செத்தவங்க பேரைச் சொல்லுங்க" என்றாள் வெண்மதி. அந்த வக்கீல் வீட்டுக்குப் போய் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள்.

பழைய கொலைகள் நடந்த வீடுகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி, கொன்ற வக்கீலின் பட்டங்களைச் சொன்னான். அன்று குரைத்த நாயின் பெயரைக்கூடச் சொன்னான். "இது வேலைக்காரப் பொண்ணு மேடம். பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? நீங்க படுங்க, போட்டோ எடுக்கணும். பின்னாடி க்யூ நிக்குது."

பிணம் கிடந்த இடம் என்று முற்றத்தில் சாக்பீஸால் ஓர் உடலை வரைந்திருந்தான். அதற்குள் படுத்த எல்லோருக்கும் கால் வெளியே நீண்டது. சிரித்தார்கள்.

வெண்மதி அவன் கையிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, அந்த உடலின் நெஞ்சில் எழுதினாள்: செங்கமலம், வயது பதினொன்று.

"யாரு மேடம் அது?"

"எங்க பெரியம்மா."

அடுத்துப் படுக்க வந்தவர் படுக்காமல், கழற்றிய செருப்பைத் தேடினார். வாசலில் வக்கீலின் பித்தளைப் பெயர்ப்பலகை இன்னும் பளபளத்தது. சாக்பீஸைத் திருப்பித் தராமல் வெண்மதி அந்தப் பலகையை நோக்கி வெளியே நடந்தாள்.