எல்லாம் வெற்று வரி

"நம்ம ஆபீஸ்ல யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. வந்தது அத்தனையும் வெற்று வரி!"

கூட்டத்தில் மேலாளர் பெருமையாக அறிவித்ததும், ஆபீஸில் 'பட்டாசு' என்று பேர் வாங்கியவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

பேர் போட வேண்டாம், மனதில் பட்டதை எழுதுங்கள் என்று கம்ப்யூட்டரில் கருத்துப் பெட்டி திறந்து வைத்தவரே அவர்தான். நேற்றுதான் அவரைப் பற்றி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வரி தட்டிவிட்டிருந்தாள். அது எங்கே போச்சு?

இருக்கைக்கு வந்த வேகத்தில் கருத்துப் பெட்டியின் புரோகிராமைத் திறந்தாள். எதுவும் எழுதாமல் சும்மா பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டே, அந்த வெற்று வரிகளைக் கண்டுபிடித்து நீக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது வரியின் அமைப்பைச் சொல்லித் தேடும் குறியீடு, இருந்தது. பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டாள்.

வரி தொடங்க வேண்டும். உள்ளே இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அத்தோடு வரி முடிய வேண்டும். அதுதான் வெற்று வரி. இங்கே முடிவுக் குறியைக் காணோம். தொடங்கினாலே போதும் என்றால் எந்த வரிதான் தப்பும்?

கடைசியாகக் கை வைத்தது யார் என்று பார்த்தாள். 'ஆமாம் அக்கா'! மேலாளர் எது சொன்னாலும் "ஆமாம் சார்" என்று தலையாட்டும் சீனியர்.

நேராகப் போய் நின்றாள்.

"அக்கா, முடிவுக் குறியை எடுத்தது நீங்கதானே?"

"ஆமாம்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? துணிஞ்சு வாயைத் திறந்தவங்க எல்லாரையும் ஊமையாக்கிட்டீங்களே! ஜால்ரா போடறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

அக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரும்மா. நேத்து சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டார். எந்த வரி எந்த கம்ப்யூட்டர்லேர்ந்து வந்ததுன்னு பக்கத்துலயே தெரியணும்னார்."

பட்டாசு புஸ்ஸென்று உட்கார்ந்தாள். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வழக்கம்போல, ஆமாம் சார். சொன்ன மாதிரியே செஞ்சும் குடுத்தேன். ஆனா வெற்று வரி போக மிச்சம் இருக்கிற வரிக்குத்தானே அடையாளம் வரும்? மிச்சமே இல்லேன்னா?"

ஒரு நிமிஷம்தான். பட்டாசு மறுபடி பற்றிக்கொண்டாள்.

"சரிக்கா, நாங்க தப்பிச்சோம். அவரும்தானே தப்பிச்சிட்டார்! நாங்க எழுதினதெல்லாம் குப்பைக்கா?"

"யார் சொன்னா? எல்லாத்துக்கும் நகல் எடுத்து வச்சு, காலையிலயே தலைமை ஆபீஸுக்கு அனுப்பியாச்சு. ஒரு வரி விடலை. என்ன, பேர் இல்லாத புகாரை அங்கே தொடவே மாட்டாங்களாம்."

"ஐயையோ! யார் பேரைப் போட்டீங்க?"

"இது என்ன கேள்வி? என் பேரைத்தான்," என்றாள் ஆமாம் அக்கா.