ஒரு படி கல்லுப்பு

மாமரத்தடியில் நின்றாள். மடி கனத்தது. உள்ளே ஒரு படி கல்லுப்பு.

வேரைச் சுற்றித் தூவி நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். மரம் தானாகக் கருகிவிடும். யாரும் கேட்கமாட்டார்கள்.

கிளை தாழக் காய். ஒன்றைக்கூட அவள் கணவர் இதுவரை பறிக்கவிட்டதில்லை.

காலையில் எழுந்ததும் அவர் முதலில் வருவது இங்கேதான். தண்ணீர் ஊற்றுவார். சருகைக் கூட்டி வேரிலேயே போடுவார். ஒரு சருகு வாசல் தாண்டக் கூடாது.

அப்புறம்தான் அடுப்படியை எட்டிப் பார்ப்பார். அதுவும் காப்பிக்கு.

பூங்கோதை மரம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பூங்கோதை அவருடைய முதல் மனைவி. தாயும் பிள்ளையும் பிரசவத்தில் போய் ஏழு வருடம்.

உயிரோடு இருப்பவள் என்றால் சண்டை போடலாம். தலைமுடியைப் பிடித்து உலுக்கலாம். செத்தவளை என்ன செய்ய?

பொறாமைதான். இல்லையென்று யார் சொன்னது? மரம் ஒரு தளிர் விட்டால் இவளுக்கு வயிறு எரிந்தது. அந்த வயிற்றில் நாலு மாதம் வேறு.

அவர் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் வாத்தியார். விடைத்தாளை வாய்விட்டுப் படித்துத்தான் திருத்துவார். புல்லில் இருந்து ஆட்டுக்கு. ஆட்டில் இருந்து மனிதனுக்கு. ஒவ்வொரு படியிலும் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்ததற்குப் போய்ச் சேரும்.

மிச்சம் ஒன்பது பங்கு எங்கே போகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த மரத்துக்கு.

உப்பை ஒரு கை அள்ளினாள்.

பின்னால் செருப்புச் சத்தம்.

இன்றைக்குப் பார்த்து அரை நாளில் பள்ளிக்கூடம் விட்டிருக்கிறார்கள். கையை மறைக்க நேரமில்லை. விரலிடுக்கில் உப்பு உதிர்ந்தது.

அவர் உப்பைப் பார்த்தார். அண்ணாந்து காயைப் பார்த்தார். சிரித்தார்.

"மசக்கையா? வாய்விட்டுக் கேட்டா பறிச்சுக் குடுக்க மாட்டேனா?"

எம்பி ஒன்றைப் பறித்தார். காம்பில் பால் வடிந்தது. கைக்குட்டையால் துடைத்து அவளிடம் நீட்டினார்.

பிறகு வேரைப் பார்த்தபடி சொன்னார்.

"பூங்கோதைய எரிச்சாச்சு. பச்சப்புள்ளய எரிக்கக் கூடாதுன்னாங்க, இங்க கொண்டாந்து புதைச்சேன். குழியில உப்புப் போடச் சொன்னாங்க, வழக்கமாம். நான் விடல. மேல மாங்கன்னு வைக்கணுமே. உப்புல எதுவும் வராதுல்ல."

சட்டை மாற்ற உள்ளே போய்விட்டார்.

காய் வெதுவெதுப்பாக இருந்தது. மத்தியான வெயிலாக இருக்கும்.

அவள் மடியை இறுக்கி முடிந்தாள். மெல்ல மண்டியிட்டாள். உதிர்ந்த உப்புக் கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மண்ணோடு ஒட்டியதையும் விரலால் வழித்து எடுத்தாள்.

அங்கேயே உட்கார்ந்து காயைக் கடித்தாள். பல் கூசியது. கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பைத் தொட்டுக்கொள்ளவில்லை. இளங்கொட்டையையும் விடவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும்.

இன்னொரு காய்க்குக் கிளையை வளைத்தாள்.