கட்டைவிரல் கற்றுக்கொண்டது

துப்பாக்கிப் போட்டிக்குப் போன லூர்துராஜ் இன்னும் வீடு திரும்பவில்லை. அவருடைய இரும்பு அலமாரிக்குள் இரண்டு பழைய கைத்துப்பாக்கிகள் இருப்புக்கொள்ளாமல் கிடந்தன.

"கனமா இருக்குன்னு என்னை ஒதுக்கினாரு," என்றது பெரியது.

"சுடும்போது ரொம்ப உதைக்குதுன்னு என்னை," என்றது சின்னது. "நாலே மாசம்தான் பழகினாரு. புதுசுகிட்ட இன்னைக்கு என்ன குறை கண்டுபிடிக்கப் போறாரோ!"

கதவு திறந்தது. போன வாரம் வாங்கிய புதுத் துப்பாக்கியை வெடிமருந்து வாடையோடு உள்ளே வைத்துவிட்டு லூர்துராஜ் போய்விட்டார்.

"என்ன ஆச்சு? சீக்கிரம் சொல்லு!" இரண்டும் அவசரப்பட்டன.

"பஸ்ஸர் அடிச்சதும் உறையிலேருந்து என்னை உருவிட்டு ஓடினாரு. விசையை அழுத்தினாரு. நான் வெடிக்கலை. என் பக்கவாட்டுல ஒரு பூட்டு இருக்கு. அதைக் கட்டைவிரலால தள்ளினாத்தான் சுடுவேன். அவர் மறந்துட்டாரு."

"எங்க ரெண்டு பேருக்கும் பூட்டே கிடையாதே. அவர் விரலுக்கு எப்படித் தெரியும்?" என்றது பெரியது.

"மூணு சுற்று அப்படியே போச்சு. துப்பாக்கி சரியில்லைன்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொன்னாரு. ஆனா கேளுங்க, கடைசிச் சுற்றுல அவர் நினைக்காமலே கட்டைவிரல் தானாப் போய்ப் பூட்டைத் தள்ளிடுச்சு! எல்லாக் குண்டும் நடுவுல. இனிமே அவரையும் என்னையும் யாரு ஜெயிக்க..."

அலமாரி மறுபடி திறந்தது. லூர்துராஜ் மூன்றையும் ஓரமாகத் தள்ளி, வரும் வழியில் வாங்கிய புதுத் துப்பாக்கிப் பெட்டி ஒன்றை வைத்து மூடினார்.

மூன்றாவது துப்பாக்கி பெட்டியின் பக்கமாகத் திரும்பி அவசரமாகக் கேட்டது. "தம்பி, உனக்குப் பூட்டு இருக்கா?"

"பூட்டா?" என்றது உள்ளே இருந்த குரல். "அது எதுக்கு?"