கதவிடுக்குச் சீட்டு

"சார், போர்வையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்," என்றார் ஒலிப்பதிவாளர்.

நாவலாசிரியர் திகைத்தார். தம் எழுத்தறைக்குள் இரண்டாவது மனிதர் இருப்பதே அவருக்கு ஒவ்வாது. மூன்றாமவர் என்றால் மூச்சு முட்டும்.

ஆனால் தெருப்பக்கத்துச் சன்னலில் போர்வையைத் தொங்கவிட ஓர் ஆணிகூட இல்லை. ஆணியடிக்கும் ஓசை கற்பனையைக் கலைக்கும் என்று அவரே அடிக்கவிடவில்லை. வண்டிச் சத்தமோ உள்ளே கொட்டியது. பதிப்பகம் அவருடைய புதிய நாவலை ஒலிநூலாக்குகிறது. கடைசி அத்தியாயத்தை ஆசிரியரே படிக்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பம், தம் அறையைவிட்டு வரமாட்டேன் என்பது அவர் நிபந்தனை.

அது குடும்ப நாவல். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு வீட்டில் இருப்பவர்கள் மனம்விட்டுப் பேசிக்கொண்டாலே போதும், உலகம் உருப்பட்டுவிடும் என்பது அதன் சாரம்.

அதை எழுதிய மூன்றாண்டுகளில் அவர் தம் மனைவியோடு பேசிய பேச்சு ஒரு தேநீர்க் கோப்பைக்குள் அடங்கும்.

அவருடைய அறைக்கதவை யாரும் தட்டக்கூடாது, வெளியிலிருந்து கூப்பிடக்கூடாது, சொல்லவேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் தள்ளவேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வீட்டின் சட்டம் இது. பால் திரிந்துபோனதும், குழாயில் தண்ணீர் வராததும், அவருடைய தமையனார் இறந்ததும் ஒரே அளவுச் சீட்டில்தான் அவரை வந்தடைந்தன.

சற்றுமுன்கூட ஒன்று வந்திருந்தது. 'தம்பிக்குக் காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை?' என்று உருண்டையான எழுத்தில். ஒலிப்பதிவாளர் வாயைத் திறக்கப்போக, நாவலாசிரியர் உதட்டில் விரலை வைத்துப் பேனாவை நீட்டினார்.

"குப்பைன்னு நெனைச்சுடாதீங்க தம்பி. இதுல எப்பவாவது நல்ல வரி வரும். அதை அப்படியே குண்டூசி குத்திக் கையெழுத்துப் பிரதியில சேத்துடுவேன். அப்பத்தான் ஈரம் போகாது."

மனைவி அழைக்கப்பட்டார். கூடத்துச் சுவரில் இருந்த ஒரே புகைப்படத்தின்கீழ் அவர் உட்கார்ந்திருந்தார். நிறம் மங்கிய படம். இரட்டைப் பின்னலோடு நான்கு வயதுப் பெண் குழந்தை. "எங்க பொண்ணு," என்று ஒலிப்பதிவாளரிடம் காலையில் சொல்லியிருந்தார். இப்ப எங்க இருக்காங்க என்று அவர் கேட்டதற்கு, செருப்பை எங்கே விடலாம் என்று காட்டினார்.

இப்போது அறையின் நிலைப்படியிலேயே நின்றார்.

"உள்ள வரலாமா?"

"வா. வந்து காத்து மாதிரி நில்லு. மூச்சுச் சத்தம்கூடக் கேக்கக்கூடாது," என்றார் கணவர்.

மனைவி இரண்டு கைகளையும் உயர்த்திச் சன்னலை மூடிப் போர்வையைப் பிடித்துக்கொண்டார்.

துயரக் காட்சி என்பதால் நாவலாசிரியர் மூன்று நாளாகச் சவரம் செய்துகொள்ளவில்லை. ஒலிநூலில் தாடி தெரியாது என்பதை அவருக்கு எடுத்துச்சொல்ல யாருக்கும் துணிவில்லை. அச்சுப் புத்தகத்தில் உயிரில்லை என்று கையெழுத்துப் பிரதியைத்தான் படித்தார். தாள் புரளும் ஓசை விழாதிருக்க, ஒலிப்பதிவாளரே ஒவ்வொரு தாளாக எடுத்து அவர்முன் வைத்தார்.

கடைசிப் பக்கத்தில், கதையின் கணவன் தன் மனைவியிடம் பேசுகிறான். நாவலாசிரியர் குரலைத் தழைத்துக்கொண்டார்.

'அன்று குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு என் கதவைத் தட்டினாய். ஏழு முறை தட்டினாய். எனக்குக் கேட்கவில்லை என்றே இத்தனை ஆண்டுகளும் சொல்லிவந்தேன். கேட்டது. எழுந்துவர மனமில்லை. தவறு என்னுடையது.'

போர்வை சற்றே ஆடியது.

நாவலாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம் எழுத்துக்குமட்டும் அவர் எப்போதும் உருகிவிடுவார்.

"சார், இது உங்க வாழ்க்கையில நடந்ததா?"

"சேச்சே! முழுக்கக் கற்பனை. இந்தக் கதவை யாரும் தட்டினதே கிடையாதே தம்பி!"

தாள்களை அடுக்கக் குனிந்த ஒலிப்பதிவாளர் அப்போதுதான் கவனித்தார். அந்தப் பத்தி நாவலாசிரியரின் சாய்ந்த கையெழுத்தில் இல்லை. மருந்துச் சீட்டொன்றின் பின்புறத்தில், சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்ட அதே உருண்டை எழுத்தில் இருந்தது. மூலையில் குண்டூசி.

"தம்பி," என்றது சன்னலோரத்துக் குரல். "நடுவுல ஏதோ வண்டிச் சத்தம் விழுந்துடுச்சு. 'கேட்டது'ன்னு சொல்றார் பாருங்க, சரியா அந்த எடத்துல. இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்களேன்."

ஒலிப்பதிவாளரின் காதுகளில் ஹெட்ஃபோன் இருந்தது. ஒரு சைக்கிள் மணிகூட விழவில்லை.

"ஆமா சார், விழுந்துடுச்சு," என்றார்.

இரண்டாம் முறை நாவலாசிரியர் இன்னும் உருக்கமாகப் படித்தார். 'கேட்டது' என்பதற்குமுன் சிறிது நிறுத்தவும் செய்தார்.

மூன்றாம் முறை வேண்டுமென்று ஒலிப்பதிவாளர் தாமாகவே கேட்டார். காரணம் சொல்லவில்லை. தம் எழுத்தை இன்னொரு தரம் கேட்க விரும்புகிறவரிடம் காரணம் கேட்கும் வழக்கம் நாவலாசிரியருக்கு இல்லை.

மனைவி கைகளை இறக்கினார். போர்வையை நான்காக மடித்து, குழந்தையைப்போலத் தோளில் போட்டுக்கொண்டு, காற்றாகவே வெளியேறிக் கதவைச் சாத்தினார்.

கருவிகளைப் பெட்டியில் அடுக்கும்போது கதவிடுக்கில் ஒரு சீட்டு நுழைந்தது.

நாவலாசிரியர் எடுத்து உரக்கப் படித்தார்.

'மூன்று முறை கேட்டுவிட்டேன். இருந்தும் மன்னிக்க முடியவில்லை.'

அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! அடுத்த நாவலுக்கு மொத வரி கெடைச்சாச்சு தம்பி," என்று மேசைமேல் குண்டூசியைத் தேடத் தொடங்கினார்.