தளர்ந்த நட்டு

கரையில் தூக்கி நிறுத்திய படகின் அடியில் போட்ட துளைக்குள், ஆழமும் வேகமும் காட்டும் சென்சாரைக் கிளமெண்ட் கீழிருந்து செருகிப் பிடித்திருந்தான். உள்ளே குனிந்து நட்டை முடுக்குவது அவன் மனைவி ஜெசிந்தாவின் வேலை. முந்தின நாள் அவன் பிடித்து முறுக்கிய அவள் மணிக்கட்டு இன்னும் வீங்கியிருந்தது.

"முடுக்கிட்டியா? கை வலிக்குதுன்னு நடிக்காத. தண்ணி ஏறினா சாகப்போறது நான், ஒனக்கென்ன."

"முடுக்கியாச்சு." நட்டு தளர்வாகவே இருந்தது. பொய் சொன்னபோது குரல் நடுங்காததை அவளே கவனித்தாள்.

"நாளைக்குப் பிள்ளையையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். வேகத்தப் பாக்கணுமாம் அவளுக்கு."

ஜெசிந்தா ஸ்பானரை மறுபடி மாட்டி, வலியோடு வலியாக இறுக்கினாள். நட்டோடு சேர்ந்து அவன் பிடிக்குள் சென்சாரும் திரும்பியது; அதுவரை அது இறுகவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

 கீழிருந்து அவன் ஏணியில் ஏறும் சத்தம் கேட்டது.