வழி மாறிய தம்பி

அக்காவும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி எமர்ஜென்சிக்குள் நுழைந்தபோதே டியூட்டி டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தம்பிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அக்கா வாய் திறக்காமல் புன்னகைத்தாள்.

"டாக்டர்... மூச்சு... மூச்சு..."

"பேசாதீங்க, படுங்க!" தம்பியைக் கட்டிலில் சாய்த்து, விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டினார். "நீங்க உட்காருங்கம்மா. இவருக்கு ஒண்ணும் ஆகாது."

அக்கா மெல்லத் தலையாட்டினாள்.

தம்பி கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்! அக்காவைத் தாங்கிட்டு வந்ததுல மூச்சு வாங்குது. மூச்சுப் பிரச்சினை அக்காவுக்கு! தசை பலவீன நோய்."

கிளிப் அக்காவின் விரலுக்கு மாறியது.

"ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு? அமைதியா வேற இருக்காங்க!" டாக்டர் சிரித்தார்.

"அதான் டாக்டர் பயமே! மூச்சு இழுக்கிற தசையே ஓய்ஞ்சுபோனா, மேல்மூச்சு வாங்கக்கூடத் தெம்பு இருக்காது. வரும்போது நான் ரெண்டு தடவை வழி மாறிப் போனேன். எப்பவும் திட்டுற அக்கா ஒரு வார்த்தைகூடத் திட்டல!"

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அம்மா, ஒரே மூச்சுல எண்ணுங்க, பார்ப்போம்."

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நா..."

அதற்கு மேல் குரல் எழவில்லை. மறுநிமிடம் மூச்சுக்கு உதவும் மெஷின் ஓடி வந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் முகத்தில் களை திரும்பியது. மாஸ்க்குக்கு மேலே கண்ணை உருட்டி, தம்பியை முறைத்து, மூன்று விரல்களைக் காட்டினாள்.

"என்னம்மா மூணு?" டாக்டர் பதறினார்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"வழி மாறினது மூணு தடவையாம் டாக்டர். திட்ட ஆரம்பிச்சுட்டா... இனி பயமில்ல!"